புள்ளி விழுந்துவிட்டது, சரி… எங்கே விழுந்தது?

முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாக்குவதுதான் என் பிழைப்பு. ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) துறையில் இதை ஜியோகோடிங் என்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஒரு பக்கம் முகவரிப் பட்டியலை ஏற்றினால் மறுபக்கம் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்து விழுகின்றன, வரைபடத்தில் போட்டால் முடிந்தது. உண்மையிலேயே அப்படித்தான் வந்து விழுகின்றன. சிக்கலே அதுதான். கருவி எப்படியாவது ஒரு பதிலைக் கொடுக்கப் பார்க்கும். வீட்டு எண் கிடைக்கவில்லையா, தெருவின் நடுப்புள்ளி. தெரு கிடைக்கவில்லையா, அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடு. அதுவும் இல்லையென்றால் ஊரின் நடு. வரைபடத்தில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. எது கூரை மேல் விழுந்தது, எது குத்துமதிப்பாக விழுந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நான் கற்றதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "எத்தனை பெர்சென்ட் மேட்ச் ஆச்சு?" அந்த எண்ணை ஏற்றிக் காட்டுவது எவ்வளவு எளிது என்று அவர்களுக்குத் தெரியாது. கருவியின் அமைப்பில் குறைந்தபட்ச மேட்ச் மதிப்பெண்ணை, அதாவது முகவரி எவ்வளவு பொருந்தினால் ஏற்பது என்ற அளவை, கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும், 70 என்பது 95 ஆகிவிடும். அதனால் ஒரு முகவரிகூடப் புதிதாகச் சரியாகியிருக்காது. முன்பு 'கிடைக்கவில்லை' என்று ஒதுங்கி நின்றவை இப்போது ஏதோ ஓர் ஊரின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சேவை நிறுவனம், வேறு ஒருவர் செய்து கொடுத்திருந்த வரைபடத்தை என்னிடம் கொண்டுவந்தது. புதிய மையத்தை எங்கே திறப்பது என்று முடிவெடுக்க வேண்டும். நகரத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் குவிந்து கிடந்தன. புள்ளிகளின் நெருக்கத்தை நிறத்தில் காட்டும் ஹீட்மேப் போட்டால் அந்த இடம் தகதகவென்று எரிகிறது. "நம்ம ஆட்கள் இங்கேதான் அதிகம், இங்கேயே இடம் பார்த்துடலாம்" என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே ஒரு சாலைச் சந்திப்பும் பூங்காவும்தான் இருக்கின்றன, வீடே இல்லை. ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வரிசைப்படுத்தியதும் விஷயம் வெளியே வந்தது. தெருப்பெயர் பொருந்தாத முகவரிகளை எல்லாம் கருவி ஊரின் நடுப்புள்ளியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. அந்தக் குவியலைத் தனியே எடுத்து, தெருப்பெயர்களைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது, ஆட்கள் பெரும்பாலும் நகரின் ஓரங்களில் பரவியிருப்பது தெரிந்தது.

இதே கோளாறு பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளை இடங்களோடு பொருத்தும் ஒரு நிறுவனம், 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஐபி முகவரிகளுக்கு நாட்டின் நடுப்பகுதியில் ஒரு முழு எண் ஆயத்தொலைவைக் கொடுத்துவைத்தது: வடக்கு 38, மேற்கு 97. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரு புள்ளியில் சேர்ந்தன. இணைய மோசடிக்காரர்களைத் தேடி வந்த போலீசாரும், ஏமாந்து கோபத்தோடு வந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகு புள்ளியை ஓர் ஏரிக்குள் தள்ளி வைத்தார்கள். நிறுவனத்தின் கணக்கில் அந்தப் புள்ளிக்குப் பொருள் 'நாடு மட்டுமே தெரியும்'. பார்த்தவர்களுக்கு அது ஒரு வீட்டு வாசல்.

ஆகவே எந்தக் கோப்பு வந்தாலும், வரைபடத்தில் போடுவதற்கு முன்பே நான் ஒன்றைச் செய்துவிடுவேன். ஒரே ஆயத்தொலைவு எத்தனை வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதை மேலே வைத்துப் பார்ப்பது. எக்செலில் பிவட் டேபிள் (தொகுத்து எண்ணும் அட்டவணை) போடத் தெரிந்தால் போதும், ஜிஐஎஸ் மென்பொருள்கூட வேண்டாம். மேலே நிற்பவை இரண்டு வகையில் அடங்கும். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு. பல வீடுகள், ஒரே கட்டடம், அதில் தவறில்லை. மற்றது, நடுப்புள்ளிக் குவியல். முகவரிகளைப் படித்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும், ஏனென்றால் வேறு வேறு தெருக்கள் ஒரே புள்ளியில் இருக்க முடியாது. இந்தப் பட்டியலில் 0, 0 வந்தால் அது மூன்றாவது ரகம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாகும் அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. அங்கே கடல்தான். பல ஆண்டுகள் ஒரு வானிலை மிதவையை மட்டும் நங்கூரமிட்டு வைத்திருந்தார்கள். வெற்றுக் கட்டத்தை மென்பொருள் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால் உலகத்திலுள்ள அரைகுறைத் தரவுகள் அங்கே போய்ச் சேர்கின்றன. எங்கள் ஆட்கள் அதற்கு 'நல் ஐலண்ட்' (Null Island, வெற்றுத் தீவு) என்று பெயரிட்டு, கொடியெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தரவில், பிழையைக் கண்டுபிடிக்க வசதியாக ஒரு சதுர மீட்டர் தீவாகவே அதைச் சேர்த்தும் விட்டார்கள்.

கருவி வீட்டைக் கண்டுபிடிப்பதில்லை, பெரும்பாலும் கணக்குப் போடுகிறது. இது புரிந்துவிட்டால் பாதி பிழைகளை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடலாம். இந்தக் கணக்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் வழியாகப் பரவலானது. 1970 கணக்கெடுப்பை ஒட்டி டைம் (DIME) என்ற தெருக் கோப்புகளை உருவாக்கினார்கள். 1990 கணக்கெடுப்புக்கு அதன் இடத்தில் டைகர் (TIGER) வந்தது. ஒவ்வொரு வீட்டையும் குறிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் இடப்பக்கம் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, வலப்பக்கம் இதிலிருந்து இது வரை என்று மட்டும் பதிந்து வைத்தார்கள். ஒரு தெருத்துண்டின் ஒரு பக்கம் 1 முதல் 99 வரை ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் 2 முதல் 100 வரை இரட்டைப்படை என்று வைத்துக்கொள்வோம். 50 என்றால் இரட்டைப்படைப் பக்கம், ஏறக்குறையப் பாதித் தூரம். அங்கே ஒரு புள்ளி, சாலை மேல் விழாமலிருக்கச் சில மீட்டர் தள்ளி. இன்டர்போலேஷன் என்பது இவ்வளவுதான்.

நெருக்கமான நகரத் தெருக்களில் இது நன்றாகவே வேலை செய்யும். தெருத்துண்டு சின்னது, பிழையும் சின்னது. ஊரை விட்டு வெளியே வந்தால் ஒரு துண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், வீடுகளோ ஒரு முனையில் மட்டும் இருக்கும். கணக்கு அவற்றைச் சாலை நெடுகச் சீராகப் பரப்பிவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பதிவில் 1 முதல் 99 வரை என்றிருக்கும், உண்மையில் கடைசி வீடு 31தான். அப்போது எல்லா வீடுகளும் தெருவின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் நெருக்கியடித்து விழும், மீதித் தெரு காலியாகத் தெரியும். வரைபடத்தில் ஒரு தெருவின் ஒரு பாதி மட்டும் 'ஆளில்லாமல்' தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இந்தக் கணக்கு நிற்பது, எண்கள் தெருவோடு சேர்ந்து வரிசையாக ஏறும் என்ற நம்பிக்கையில். உலகத்தில் அப்படி ஏறாத இடங்கள் ஏராளம். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி பகுதி, பிளாக், கட்டட எண் என்று போகும். பழைய மனை எண்கள் அப்படியே நிலைத்த இடங்களில் அவை பதிவான காலவரிசையில் வந்தவை, ஆகவே 3க்குப் பக்கத்தில் 27 இருந்தால் ஆச்சரியமில்லை. 1962இல் சட்டம் போட்டுப் பல நகரங்களில் இதை ஒழுங்குபடுத்தினார்கள். பெர்லினின் பழைய தெருக்களில் எண்கள் ஒரு பக்கமாகவே கடைசி வரை போய், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும். 1ஆம் எண்ணுக்கு எதிரில் அந்தத் தெருவின் கடைசி எண் நிற்கும். மன்ஹைம் நகரின் மையத்தில் தெருப்பெயருக்குப் பதில் சதுரங்களுக்கு எழுத்தும் எண்ணும். தென் கொரியா நிலத்தின் மனை எண்ணை வைத்து எழுதிவந்த முகவரிகளை விட்டுவிட்டு, 2014 ஜனவரி 1 முதல் தெருப்பெயர் முறையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய பதிவேடும் புதிய பதிவேடும் கலந்து வந்தால் அதைப் பிரிக்கவே தனி வேலை. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிய நாட்டின் முகவரிகள் கைக்கு வந்தால், அங்கே எண் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க ஏனோ யாருக்கும் மனம் வருவதில்லை.

இனி சுத்தம் செய்யும் வேலை. நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும், கருவி ஓடுவது கொஞ்ச நேரம்தான். முதல் எதிரி எக்செல். அதை நான் தினமும் பயன்படுத்துகிறேன், இருந்தாலும் சொல்கிறேன். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பை) இரண்டு முறை கிளிக் செய்து திறக்காதீர்கள். 12-5 என்ற வீட்டு எண்ணை அது தேதியாக மாற்றிவிடும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வீட்டு எண்ணே நடுவில் கோடு போட்டுத்தான் வரும், முதல் பாதி குறுக்குத்தெருவையும் அடுத்த பாதி வீட்டையும் குறிக்கும். அந்தக் கோப்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடுகளில் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும், பாஸ்டன் பக்கத்துக் குறியீடுகள் எல்லாம் நான்கு இலக்கமாகிவிடும். எல்லாப் பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) எழுத்து வகையாகச் சொல்லித்தான் உள்ளே எடுக்க வேண்டும். அப்புறம், மூல முகவரிப் பத்தியைத் தொடவே கூடாது. திருத்தமெல்லாம் பக்கத்துப் பத்தியில். யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

'எதிரில்', 'பின்புறம்', 'அருகில்' என்று வரும் முகவரிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கருவி அந்தச் சொல்லை உதறிவிட்டு, அடையாளமாகச் சொன்ன இடத்திலேயே புள்ளியை வைத்துவிடும். பள்ளிக்கு எதிரே குடியிருப்பவர் பள்ளிக்குள் குடியேறிவிடுவார். மதிப்பெண்ணும் அருமையாக வரும், ஏனென்றால் பள்ளியின் பெயர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியிருக்கிறது! அடையாளச் சொற்களை வெட்டி வேறொரு பத்தியில் வைத்துவிட்டு மீதியை மட்டும் கருவிக்குக் கொடுப்பேன். வெட்டியதைத் தூக்கி எறிவதில்லை. கையால் சரிபார்க்கும் நேரத்தில் அதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

எழுத்துப்பிழை வேறு. ஒரு மொழியின் தெருப்பெயரை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதும்போது ஒரே தெருவுக்கு நாலைந்து வடிவங்கள் கிளம்பும். இதற்காக ஒலியை வைத்துப் பொருத்துவது, எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணிப் பொருத்துவது என்று பல வழிகள் இருக்கின்றன. ஒலியை வைத்துப் பொருத்தும் சவுண்டெக்ஸ் 1918இல் காப்புரிமை பெற்றது, ஆங்கில எழுத்தில் வரும் குடும்பப் பெயர்களுக்காக உருவானது. மற்ற மொழிப் பெயர்களில் அது உளறும். எழுத்து வித்தியாசத்தை எண்ணும் லெவன்ஷ்டைன் முறை 1965இலிருந்து இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. '4ஆவது தெரு', '5ஆவது தெரு' இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே எழுத்து. கருவியின் கண்ணுக்கு இவை கிட்டத்தட்ட ஒன்று, தரையில் வேறு வேறு இடம். கிழக்கு, மேற்கு, பிரதான, குறுக்கு போன்ற சொற்களும் இப்படித்தான். என் விதி எளியது: பெயருக்குச் சலுகை உண்டு, எண்ணுக்கும் திசைக்கும் கிடையாது. அவை அப்படியே பொருந்த வேண்டும், இல்லையென்றால் கைவேலைக்குப் போக வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுதும் நகரங்களில் இரண்டையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து, தனித்தனியே ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் நிம்மதி.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது பழைய கதை. தேடலுக்கு ஓர் எல்லைப் பெட்டியோ நாட்டுக் குறியீடோ கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். வந்த புள்ளி அந்த அஞ்சல் குறியீட்டின் பாலிகனுக்குள் (எல்லைக்கோட்டு வடிவத்துக்குள்) இருக்கிறதா என்று பிறகு ஒரு சோதனை. நான் பார்க்கும் கோப்புகளில் அதிகப் பிழைகளைப் பிடித்துக் கொடுப்பது இந்தச் சோதனைதான்.

ஆயத்தொலைவு வந்த பிறகும் அதைக் கெடுக்க வழிகள் உண்டு. ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம், பல ஏபிஐகளும் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளும்) அப்படித்தான். வரிசை மாறினால் ஒரு நாட்டின் புள்ளிகள் மொத்தமாக வேறு கண்டத்துக்கோ கடலுக்கோ போய்விடும். இது பார்த்தவுடன் தெரிகிற பிழை, ஆகவே நல்ல பிழை. கண்ணுக்குத் தெரியாதவைதான் தொல்லை. 12 பாகை 30 நிமிடத்தை யாரோ 12.30 என்று எழுதியிருப்பார்கள். தசமத்தில் அது 12.5. வித்தியாசம் 0.2 பாகை, தரையில் சுமார் 22 கிலோமீட்டர். புள்ளி அதே மாநிலத்துக்குள்தான் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தசமப் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் ஒரு பத்தி முழுக்க 60ஐத் தாண்டவே இல்லையென்றால் அங்கே நின்று விசாரியுங்கள். இன்னொன்று டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளை எந்த அடிப்படையிலிருந்து அளப்பது என்ற ஏற்பாடு. பழைய டோக்கியோ டேட்டத்தில் உள்ள ஆயத்தொலைவை அப்படியே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டால் புள்ளி ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளிப் போகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே தூரம் நகர்ந்திருந்தால் முகவரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, டேட்டத்தைப் பாருங்கள்.

தசம இலக்கங்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஐந்தாவது தசம இடம் தரையில் ஒரு மீட்டர் அளவு. ஊரின் நடுப்புள்ளியையும் கருவி பதினான்கு இலக்கத்தில்தான் கொடுக்கும்.

சரி, வீடு கச்சிதமாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் எந்தப் புள்ளி? எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கேள்வி இது. மனையின் நடுவா, கூரையின் நடுவா, வாசலா, வண்டி நுழையும் கேட்டா? வெள்ள அபாயம் கணக்கிடுபவருக்குக் கட்டடம் நிற்கும் இடம் வேண்டும். வாக்குச்சாவடி எல்லை போடுபவருக்கு மனைக்குள் எங்கே இருந்தாலும் சரி. ஆம்புலன்ஸுக்கு கேட் வேண்டும். வழிகாட்டும் செயலிகள் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலையைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய் விடுகின்றன. வீட்டின் பின்சுவருக்கு ஒட்டிய சந்து முன்சாலையைவிடக் கூரையின் நடுவுக்குப் பக்கமாக இருந்தால், வண்டி சந்துக்குத்தான் போகும். ஓட்டுநர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் அறிக்கையில் அது 'ரூஃப்டாப் மேட்ச்', முதல் தரம்.

பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அவர்கள் எங்கள் புள்ளிகளை நம்புவதேயில்லை. பல பேர் தங்கள் போனில் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வளாகம் என்றால் எந்த கேட் திறந்திருக்கும், எந்தப் பக்கம் லிஃப்ட், எங்கே வண்டியைத் திருப்ப முடியாது என்பதெல்லாம் அதில் உண்டு. "உங்க புள்ளி வீட்டைக் காட்டுது சார், வழியைக் காட்டலையே" என்றார் ஒருவர். அதற்கப்புறம் பெரிய வளாகங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகளுக்கு இரண்டு புள்ளிகள் வைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் வாதாட ஆரம்பித்தேன், கட்டடத்துக்கு ஒன்று, நுழைவாயிலுக்கு ஒன்று. கூடுதல் வேலை என்பதால் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. அவசர ஊர்தி சம்பந்தப்பட்ட வேலை என்றால் நான் விடுவதும் இல்லை.

கிடைக்காத முகவரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "மீதி அஞ்சு பெர்சென்ட்தானே, விட்டுடுங்க" என்பார்கள். விடுபடுகிறவர்கள் எல்லாப் பகுதியிலும் சமமாக விடுபட்டால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் அப்படி நடப்பதில்லை. புதிதாக முளைத்த குடியிருப்புகள், தெருப்பெயரே வைக்காத பகுதிகள், ஒதுங்கிய கிராமங்கள், வாடகைக்கு அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் ஆகியோரின் முகவரிகள்தான் பொருந்தாமல் போகின்றன. அவற்றை எடுத்துவிட்டுத் தடுப்பூசி வரைபடம் போட்டால், எங்கே முகாம் தேவையோ அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பார்ப்பவர் அதை 'அங்கே ஆளில்லை' என்றே படிப்பார். ஆகவே பொருந்தாதவற்றை எந்தப் பகுதியிலிருந்து எத்தனை என்று தனி அட்டவணையாகக் கொடுத்துவிடுகிறேன். தெரு தெரியாவிட்டாலும் பகுதி தெரியுமே. பகுதிவாரி எண்ணிக்கை மட்டும் போதுமான வேலைக்குத் தெருவைத் தேடி அலையவும் வேண்டாம்.

கைவேலை பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் மோசமான மதிப்பெண் வாங்கியவற்றை மட்டும் சரிபார்க்கிறார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவற்றிலிருந்தும் குலுக்கல் முறையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். பள்ளிக்குள் குடியேறியவரும் பின்சுவர் ஆம்புலன்ஸும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள். இரண்டு பேர் ஒருவர் பதிலை இன்னொருவர் பார்க்காமல் ஒரே முகவரியைத் தேடி, புள்ளிகளுக்கிடையே எவ்வளவு தூரம் என்று அளந்தால் அந்தப் பகுதியின் தரம் தெரிந்துவிடும்.

ஒப்படைக்கும் கோப்பில் ஆயத்தொலைவோடு நான் கட்டாயம் வைக்கும் பத்திகள்: எந்த நிலையில் பொருந்தியது (கூரை, மனை, கணக்கிட்டது, தெரு, அஞ்சல் பகுதி, ஊர்), எந்தக் கருவி அல்லது யார் கை, எந்தத் தேதி. கூகுளின் ஜியோகோடிங் சேவை இந்த நிலையை ஒவ்வொரு பதிலோடும் நான்கு வகையாகச் சொல்லியே அனுப்புகிறது. மற்றவை பலவும் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்கின்றன. முடிவுகளைப் பதிவிறக்கும்போது அந்தப் பத்தியை வேண்டாமென்று விட்டுவிடுவது நம் ஆட்கள்தான். வரைபடத்திலும் நிலைக்கு ஒரு குறி வைக்கிறேன். கூரைப் புள்ளி நிறைந்த வட்டம், தெருப் புள்ளி வெற்று வட்டம், ஊர் நடுவில் விழுந்தவை வரைபடத்திலேயே இல்லை, ஓரத்தில் எண்ணிக்கையாக மட்டும். 'அழகாக இல்லை' என்று புகார் வரும். வரட்டும். மேட்ச் விகிதத்தையும் இப்போது ஒற்றை எண்ணாகக் கொடுப்பதில்லை, நிலைவாரியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன்.

முகவரி என்பது ஒருவருடைய வீடு என்பதும் நினைவிருக்க வேண்டும். நோயாளிகளின் பட்டியலில் பெயரை அழித்துவிட்டு, கூரை அளவுத் துல்லியத்தோடு வரைபடம் வெளியிட்டால் பெயரை அழித்ததில் பயனில்லை. புள்ளியிலிருந்து முகவரிக்குத் திரும்பிப் போகும் வழியும் இதே கருவிகளில் இருக்கிறது. வெளியிடும் பிரதியில் புள்ளிகளைச் சற்றே இடம்மாற்றிப் போடுவோம், அல்லது பகுதிவாரியாகத் திரட்டிவிடுவோம். அந்தப் பட்டியலை வெளிச் சேவைக்கு அனுப்பலாமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவில் இயங்கும் நாமினாட்டிம் என்ற ஜியோகோடிங் கருவியை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம், முகவரி எதுவும் வெளியே போகாது. அதன் பொதுச் சர்வரில் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி, பெரிய பட்டியலுக்கு அது சரிப்படாது. கட்டணச் சேவைகள் பலவற்றில் கிடைத்த ஆயத்தொலைவைச் சேமித்து வைப்பதற்கே கட்டுப்பாடு உண்டு. விதிமுறையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்த பிறகு படிப்பது நல்ல அனுபவமில்லை.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். தாறுமாறாக எழுதிய முகவரியை எண், தெரு, பகுதி என்று பிரித்துக் கொடுப்பதில் மொழி மாதிரிகள் நன்றாகவே உதவுகின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆயத்தொலைவையே அவற்றிடம் கேட்காதீர்கள். நம்பும்படியான எண்களை எழுதித் தரும். அந்த ஊருக்குப் பக்கத்தில்கூட விழும். எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுக்காத எண்ணுக்கு எந்த நிலையைக் குறிப்பது?

பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, நன்றாகத் தெரிந்த பகுதியில் சில டஜன் முகவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இரண்டு மூன்று கருவிகளில் ஓட்டி, எது எங்கே எப்படிப் பிசகுகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அதைவிட மோசமாகும், ஆகவே அங்கே போன் காட்டும் புள்ளியை விட்டுவிட்டு, வாசலில் நின்றபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நீங்களே குறியுங்கள். அந்தப் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கக் கூடும், பக்கத்துச் சாலைச் சந்திப்பை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.